பெயரைத் துண்டாக்காத நிரல் வேண்டும்

மாணவர்களே, பிரிக்பீல்ட்ஸில் உள்ள கோலாலம்பூர் சென்ட்ரலில் கொமுட்டர் இரயில் ஏறி கிள்ளானுக்குச் சென்றால், வழியில் சுபாங் ஜெயாவும் ஷா ஆலமும் வரும். இந்த நான்கு நிலையங்களின் பெயர்களைக் கணினியிடம் கொடுத்து, எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். கவனமில்லாமல் எழுதிய ஷெல் நிரல் ‘ஏழு’ என்று சொல்லும். கோலாலம்பூர் ஒன்று, சென்ட்ரல் ஒன்று, சுபாங் ஒன்று, ஜெயா ஒன்று என அது பிரித்து எண்ணிவிடுகிறது!

லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் நாம் தட்டச்சு செய்யும் கட்டளைகளைப் படித்து நிறைவேற்றுவது ஷெல். அந்தக் கட்டளைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைத்தால் அது ஷெல் நிரல். ஷெல்லைப் பொறுத்தவரை, ஒரு சொல் எங்கே முடிகிறது என்று காட்டுவது இடைவெளிதான்.

1979இல் யூனிக்ஸுடன் வெளிவந்த ஸ்டீபன் போர்னின் ஷெல்லில் ‘அணி’ என்ற வசதி இல்லை. பெயர்களை இடைவெளி விட்டு ஒரே சரமாகக் கோத்து மாறியில் வைப்பதே வழக்கம். பின்னர் டேவிட் கோர்ன் உருவாக்கிய ஷெல்லில் அணி வந்தது. 1989இல் பிரையன் ஃபாக்ஸ் வெளியிட்ட பேஷ் ஷெல், 1996இல் தனது 2.0 பதிப்பில் அதைச் சேர்த்துக்கொண்டது.

மலாய் மொழியில் ‘தாதாசுசுனான்’ எனப்படும் இந்த அணியை, அடுக்குப் பாத்திரம் போல நினைத்துக்கொள்ளுங்கள். சோறு ஒரு தட்டில், குழம்பு இன்னொன்றில். பேஷில் முதல் தட்டின் எண் 0. ‘ஷா ஆலம்’ ஒரு தட்டில் இருந்தால், நடுவில் இடைவெளி இருந்தாலும் அது ஒரே பெயர்தான்.

ஆனால் அணியில் வைத்தால் மட்டும் போதாது. எடுக்கும் முறையும் முக்கியம். சதுர அடைப்புக்குறிக்குள் @ இட்டு, முழுவதையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்து அழைத்தால் நான்கு பெயர்களும் நான்காகவே வரும். மேற்கோள் குறியை விட்டுவிட்டால் ஷெல் மறுபடியும் ஏழாக வெட்டிவிடும். @ இருக்கும் இடத்தில் * இட்டு மேற்கோள் குறிக்குள் அழைத்தால், நான்கும் ஒட்டி ஒன்றாகிவிடும்.

இது சின்ன விஷயமா? நம் பெயர்களைப் பாருங்கள். நம்மில் பலருடைய அடையாள அட்டையில் பெயரோடு ‘ஏ/எல்’ அல்லது ‘ஏ/பி’ இருக்கும். ‘கவிதா ஏ/பி முருகன்’ என்ற ஒரு மாணவிக்கு நற்சான்றிதழ் அச்சிடும் நிரல் பெயரை வெட்டினால், மூன்று சான்றிதழ்கள் வரும். ஒன்றிலும் அவருடைய முழுப் பெயர் இருக்காது.

சாய்கோடு இன்னொரு தொல்லை. லினக்ஸில் அது கோப்புறைகளைப் பிரிக்கும் குறி. கோப்பின் பெயருக்குள் அதற்கு இடமில்லை. இதை அணியும் மேற்கோள் குறியும் தீர்க்காது. கோப்புக்கு மாணவரின் பதிவு எண்ணைப் பெயராக வைத்து, உண்மையான பெயரைக் கோப்பின் உள்ளே எழுதுவதுதான் சரியான வழி.

“இடைவெளியை எடுத்துவிட்டு அடிக்கோடு போட்டால் போச்சு” என்பார்கள் சிலர். நான் ஏற்கமாட்டேன். நிரலாளர் சுருக்கமாக வேலையை முடிக்க, ஒருவர் தம் பெயரை ஏன் மாற்றிக்கொள்ள வேண்டும்? “பைத்தானில் எழுதினால் இந்தச் சிக்கலே இல்லையே” என்பது நியாயமான கேள்வி. பெரிய வேலைகளுக்குப் பைத்தான் ஏற்றதுதான். ஆனாலும் உலகெங்கும் சேவையகக் கணினிகளின் அன்றாட வேலைகளில் ஷெல் நிரல்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை நாளை பராமரிக்கப்போவது நீங்களாகவும் இருக்கலாம்.

ஆகவே, அணி பழகும்போது ஆப்பிள், ஆரஞ்சு என்று ஒற்றைச் சொற்களை மட்டும் வைத்துப் பழகாதீர்கள். அவை எந்தத் தவறையும் காட்டிக்கொடுக்காது. உங்கள் வகுப்பு நண்பர்களின் முழுப் பெயர்களை, அடையாள அட்டையில் உள்ளபடியே, இட்டுப் பாருங்கள். தமிழ், மலாய், சீனப் பெயர்கள் எல்லாம் இருக்கட்டும். வகுப்பில் முப்பது பேர் என்றால் நிரலும் முப்பது என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் திருத்த வேண்டியது நிரலைத்தான், பெயரை அல்ல.