கலப்பது யார்? கட்டுவது யார்?

ஒரு லிட்டர் பெட்ரோல் என்று காசு கொடுத்து வாங்குகிறோம். அதில் 800 மில்லிதான் பெட்ரோல். மீதி 200 மில்லி எத்தனால் என்னும் எரிசாராயம்! 2030இல் எட்டுவதாகச் சொல்லப்பட்ட இந்த 20 சதவிகிதக் கலப்பை முன்னுக்கு இழுத்து, 2025லேயே நாடெங்கும் கொண்டுவந்துவிட்டது மத்திய சர்க்கார்.

அதுமுதல் டிரைவர்கள் கூடும் இடமெல்லாம் இதே பேச்சு. 'மைலேஜ் விழுந்துவிட்டது' என்கிறார் ஒருவர். 'ரப்பர் குழாய் எத்தனை நாள் தாங்குமோ' என்கிறார் இன்னொருவர். 'வண்டி விற்றபோது இதைச் சொன்னார்களா?' என்று கேட்கிறார் மூன்றாமவர்.

இதெல்லாம் வீண் புரளி என்றனர் ஆளவந்தார். டயரில் காற்றுக் குறைந்தாலும், ஏ.சி. ஓடினாலும் மைலேஜ் குறையுமாம். குறையும்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே!

எத்தனாலில் உள்ள வெப்பச் சக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலவையில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். ஆக, லிட்டருக்குப் பதினைந்தில் ஒரு பங்கு சக்தி நஷ்டம். இந்தக் கலவைக்கென்றே அமைத்த புது எஞ்சின் அந்த நஷ்டத்தில் பெரும்பகுதியை ஈடு கட்டும். பழைய எஞ்சின் என்ன செய்யும்?

பழைய கார்களில் 6 முதல் 7 சதவிகிதம் மைலேஜ் குறையும் என்று 2021லேயே எழுதியது நிதி ஆயோக் அறிக்கை. புதிய அமைப்புள்ள கார்களில் 1 முதல் 2, மற்றவற்றில் 3 முதல் 6 சதவிகிதம் என்று 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது பெட்ரோலிய இலாகா. டிரைவர் சொன்னால் புரளி, இலாகா சொன்னால் புள்ளிவிவரமா?

இது சொற்பக் குறைவு என்றும் இலாகா சொல்லிற்று. யாருக்குச் சொற்பம்? ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போய்வரும் சொந்தக் காருக்கு வேண்டுமானால் சொற்பம். நாளுக்கு 150 கிலோமீட்டர் ஓடும் பழைய வாடகைக் காரைப் பாருங்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்த வண்டி. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 6 சதவிகிதம் குறைந்தால் நாளொன்றுக்கு 64 ரூபாய் கூடுதல். மாதம் 25 நாள் ஓட்டினால் 1,600 ரூபாய்! வீட்டு மளிகையில் ஒரு பகுதி அது. பிள்ளையின் படிப்புச் செலவு அது.

சில பழைய வண்டிகளில் 20,000, 30,000 கிலோமீட்டர் ஓடியபின் ரப்பர் பாகங்களை மாற்றவேண்டி வரலாம், செலவு அதிகமில்லை என்றும் இலாகா ஆறுதல் கூறிற்று. நாம் சொன்ன வாடகைக் கார் எட்டே மாதத்தில் 30,000 கிலோமீட்டரைத் தொட்டுவிடும்!

நாம் எத்தனாலுக்குப் பகைவர்களல்லர். 2014 முதல் 2025 ஜூலை வரை 1,44,000 கோடி ரூபாய்க்கு மேல் அந்நியச் செலாவணி மிச்சம் என்கிறது சர்க்கார். கரும்பும் மக்காச்சோளமும் விளைவிக்கும் உழவனுக்கு அதனால் வருவாய் என்றால் மகிழ்ச்சியே. உழவனையும் டிரைவரையும் மோதவிட நாம் இடம் கொடோம். ஆனால் லாபம் நாட்டுக்கு என்றால், நஷ்டம் மட்டும் ஸ்டீயரிங் பிடித்தவனுக்கா?

கலப்புப் பெட்ரோலின் விலை சாதாரணப் பெட்ரோலைவிடக் குறைவாக இருக்கவேண்டும், அதற்கு வரிச் சலுகை தரலாம் என்று சொன்னதும் அதே 2021 அறிக்கைதான். இப்போது எத்தனால் லிட்டர் 71 ரூபாய் 32 காசு ஆகிறது, பெட்ரோலைவிட அதிகம் என்று 2025இல் பதில் வந்தது. அதற்கு டிரைவரா பொறுப்பு? கச்சா எண்ணெய் விலை சரிந்த 2025 ஏப்ரலில் கலால் வரியை லிட்டருக்கு 2 ரூபாய் ஏற்றத் தெரிந்த கைக்கு, இறக்கத் தெரியாதா?

பிரேசில் 1975 முதல் எத்தனாலை ஊக்குவித்த நாடு. அங்கே பெட்ரோலிலும் கலப்பு உண்டு. ஆனால் எந்தக் கலவையிலும் ஓடும் கார்கள் 2003 முதல் விற்பனைக்கு வந்தன. எத்தனாலும் பங்கிலே தனியாக, தனி விலையில் கிடைக்கிறது. அதன் விலை பெட்ரோலில் 70 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், மேலே போனால் பெட்ரோல். தேர்ந்தெடுப்பவர் டிரைவர்! இங்கே கலப்பில்லாத பெட்ரோலும் கிடைக்கட்டும், கலப்பின் அளவைப் பங்கிலே எழுதி வையுங்கள் என்று கேட்ட வழக்கு 2025 செப்டம்பர் 1இல் உச்சநீதிமன்றத்தில் தள்ளுபடியாயிற்று.

நீதிமன்றம் தள்ளியதை மக்கள் மன்றத்துக்குக் கொண்டுவருவோம். நாம் கேட்பவை மூன்றே: குறைந்த சக்திக்குக் குறைந்த விலை, பழைய வண்டிக்கு அதே விலையில் பழைய பெட்ரோல், பங்கிலே மறைக்காத அறிவிப்பு.

தோழர்களே! உங்கள் ஊர் கார் ஸ்டாண்டுக்குப் போங்கள். எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டர் என்று ஒவ்வொரு டிரைவரும் நாள்தோறும் குறித்துவைக்கச் சொல்லுங்கள். ஆயிரம் டிரைவர்களின் குறிப்பேடுகள் ஒன்று சேர்ந்தால், அதைப் புரளி என்று தள்ள எந்த இலாகாவுக்கும் துணிவு வராது.