மாடிப்படிக் கதவுக்கு ஆப்பு வைக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, கோபமான பதிவும்கூட. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

பழவேற்காட்டுக் குப்பங்களில் என்னிடம் படித்தவர்களில் பலர் இன்று சென்னையில் அடுக்குமாடிகளில் குடியிருக்கிறீர்கள். சிலர் அங்கே அசோசியேஷன் பொறுப்பில், சிலர் செக்யூரிட்டியாக, சிலர் தச்சு வேலையில். மூன்று தரப்பாரிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது.

உங்கள் வீடுகளுக்கு வரும்போதெல்லாம் மாடிப்படியின் ஃபயர் டோரைப் பார்க்கிறேன். ஒரு இடத்தில் செங்கல், இன்னொரு இடத்தில் தண்ணீர் கேன் வைத்துத் திறந்தே விட்டிருக்கிறீர்கள். கேட்டால், "காத்து வரணும் டீச்சர்", "படார்னு அடிக்குது டீச்சர்". அடித்தால் க்ளோசரைச் சரிசெய்ய ஆளைக் கூப்பிட வேண்டும். அதைக் கழற்றிப் பரணில் போடுவதா?

தீ விபத்தில் பெரும்பாலும் நெருப்புக்கு முன்னால் புகைதான் ஆளைக் கொல்கிறது. அந்தக் கதவு தானாக மூடிக்கொண்டால்தான் படிக்கட்டில் மூச்சு விட முடியும். 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்தார்கள். தீ பரவியதற்கு வெளிச்சுவரில் ஒட்டிய தகடு முக்கியக் காரணம். ஆனால் பல கதவுகளில் தானாக மூடும் கருவி இல்லை, அல்லது வேலை செய்யவில்லை. புகை உள்ளே புகுந்ததற்கு அதுவும் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது.

திறந்து வைப்பது ஒரு தப்பு என்றால், பூட்டி வைப்பது அதைவிடப் பெரிய தப்பு. டெல்லி உப்ஹார் தியேட்டரில் 1997 ஜூன் 13 அன்று 59 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். பால்கனியில் இருந்தவர்களுக்கு வெளியே போக வழி அடைபட்டிருந்தது. "திருட்டு பயம்" என்று மொட்டை மாடிக் கதவுக்குச் சங்கிலி போடும் செயலாளர்களே, படித்தீர்களா?

தச்சு வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. இது சாதாரணக் கதவு இல்லையப்பா. பலகை, நிலை, கீல், க்ளோசர், பூட்டு எல்லாவற்றையும் சேர்த்து எரித்துச் சோதித்துத்தான் இத்தனை நிமிடம் தாங்கும் என்று சான்று தருகிறார்கள். ஓரத்தில் ஒரு பட்டை இருக்கும். சூடு பட்டால் உப்பி இடுக்கை அடைக்கும். நீங்கள் இழைப்புளி போட்டு ஓரத்தைச் சீவினால், கேபிளுக்கு ஓட்டை போட்டால், பட்டை மேல் பெயின்ட் அப்பினால், கைக்குக் கிடைத்த ஃபோமை நிலைக்குப் பின்னால் அடைத்தால், சான்று வெறும் காகிதம். பழகாத வேலை என்றால் பழகியவரிடம் விடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

"கட்டும்போதே என்.ஓ.சி. வாங்கியாச்சு" என்கிறது அசோசியேஷன். ஏரியில் பாடு வரும் நாளில் வலை வாங்கிய ரசீதை நம்பியா உங்கள் அப்பா இறங்கினார்? அறுந்த கண்ணியைத் தேடித் தைத்துவிட்டுத்தானே போனார்! வரவேற்பறைக்கு கிரானைட் போடக் காசு இருக்கிறது, க்ளோசர் மாற்ற மட்டும் பட்ஜெட் இல்லையாம்.

1.கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் கருகிய பிறகுதான் பள்ளிக் கூரைகளில் இருந்த கீற்றை இறக்கினோம். ஆசிரியர்களுக்கு அந்தத் தேதி மறக்காது.

இந்த ஞாயிற்றுக்கிழமை லிஃப்டை விட்டுப் படியில் இறங்குங்கள். ஒவ்வொரு கதவையும் பாதி திறந்து விட்டுவிடுங்கள். தானாக வந்து தாழ்ப்பாள் விழுகிறதா? எத்தனை கதவில் விழவில்லை என்று எண்ணிக் கீழே எழுதுங்கள். வருகைப் பதிவேடு மாதிரி நான் குறித்துக்கொள்கிறேன்.