மூச்சை எண்ணுங்கள்

மழை பிடித்துவிட்டால் இரத்தினபுரி, கேகாலை தோட்ட லயங்களில் இருமல் ஓய்வதில்லை. இன்புளுவன்சா இலங்கையில் ஆண்டின் நடுவில் ஒருமுறையும் ஆண்டுக் கடைசியில் ஒருமுறையுமாகத் தலைதூக்கும். பெரும்பாலானோருக்கு ஒரு வாரத்தில் தணிந்துவிடும். யாருக்கு அது நெஞ்சுக்குள் இறங்கும் என்பதை முதல் இரண்டு நாளிலேயே ஓரளவு ஊகிக்கலாம். ஊகித்தும் விட்டுவிடுகிறோம் என்பதுதான் நம் கவலை.

கர்ப்பிணி, கைக்குழந்தை, 65 வயதைத் தாண்டியவர், நீரிழிவோ ஆஸ்துமாவோ இதய, சிறுநீரக நோயோ உள்ளவர்: இவர்களுக்குக் காய்ச்சல் கண்டால் பொறுத்துப் பார்க்கக் கூடாது. 2009இல் எச்1என்1 உலகெங்கும் பரவியபோது கர்ப்பிணிகளைக் கடுமையாகத் தாக்கியது. கொவிட் காலத்தில் நீரிழிவுக்காரர்கள் தத்தளித்தார்கள். தோட்டத்தில் இன்னொன்றும் உண்டு. லயத்துக் காம்பராவில் விறகடுப்புப் புகையை வருடக்கணக்காகச் சுவாசித்த பெண்ணின் நுரையீரல், பீடி சுருட்டைத் தொடாமலே நலிந்திருக்கலாம். அவர் பெயர் எந்த நோயாளர் பட்டியலிலும் இருக்காது.

குழந்தையின் சட்டையை உயர்த்தி, நெஞ்சைப் பார்த்து, ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு 60, அதன்பின் ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இந்த எண்ணை எட்டினால் அது வேக மூச்சு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நெஞ்சு உள்ளே இழுபட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். பெரியவர்களுக்கு 30 மூச்சே அபாயம். திணறல் தெரியாமலே ஒட்சிசன் இறங்கிவிடும் என்பதைக் கொவிட் காட்டியது. விரலில் மாட்டும் ஒக்சிமீட்டர் 94க்குக் கீழே காட்டினால், "நல்லாத்தான் இருக்கேன்" என்று அவர் சொன்னாலும் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். இன்புளுவன்சாவுக்கான ஒசெல்டாமிவிர், நோய் தொடங்கிய 48 மணிநேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாகக் கேட்கும்.

அந்த 48 மணிநேரம் தோட்டத்தில் எங்கே போகிறது? கொழுந்தெடுக்கப் போகாவிட்டால் பேர், அதாவது அன்றைய சம்பளம், கிடைக்காது, இறப்பர் பால்வெட்டுக்கும் அப்படித்தான். பனடோலைப் போட்டுக்கொண்டு மலையேறுகிறார்கள். இதை அறியாமை என்போர் சம்பளச் சீட்டைப் பார்க்கட்டும்.

தோட்ட நிர்வாகங்களைக் கேட்கிறோம்: காய்ச்சலோடு வரும் கர்ப்பிணிக்கும் நாட்பட்ட நோயுள்ளவருக்கும் வைத்தியசாலை போய்வரும் நாளுக்கு முழுப்பேர் போடுங்கள். தோட்ட டிஸ்பென்சரிதோறும் ஒரு ஒக்சிமீட்டர் வையுங்கள், விலை பெரிதல்ல. வாசகர்களே, மூச்சு வேகம் கண்டால் தோட்டத்து லொறிக்காகக் காத்திராதீர்கள். 1990ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை.