கஷ்டம் யாரையும் எழுத்தாளர் ஆக்காது

"கஷ்டப்பட்டவன்தான் நல்லா எழுதுவான்." கல்லூரிக் கூட்டங்களில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார், கைதட்டலும் வாங்கிவிடுகிறார். கூடவே நம் பிள்ளைகளுக்கு ஓர் அறிவுரையும் வரும்: தாங்கிக்கொள்ளுங்கள், பட்டதெல்லாம் ஒருநாள் இலக்கியமாகும்.

பந்தல்குடிப் பக்கம் கஷ்டத்துக்குப் பஞ்சமில்லை. மானாவாரிக் கரிசல், மழை தப்பினால் கரிமூட்டம், நூறு நாள் வேலை, பெண்பிள்ளைகளை ஏற்றிப்போக வரும் மில் வேன். கஷ்டம் எழுத்தைக் கொடுக்கும் என்றால் எங்கள் காலனிகளில் தெருவுக்குப் பத்துப் புத்தகம் வந்திருக்க வேண்டும். நைட் ஷிப்ட் முடிந்து வரும் பெண்ணுக்குத் தூக்கம்தான் வருகிறது. ஒரே அறை வீட்டில் ஒரு பக்கம் டிவி, ஒரு பக்கம் அடுப்பு, நடுவில் தம்பியின் வீட்டுப்பாடம். அவள் நோட்டை எங்கே விரிப்பாள்?

அப்படியானால் இதே விருதுநகர் மாவட்டத்தில் இருந்து பாமா எப்படி வந்தார் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டி அவர் ஊர். 1992இல் வந்த 'கருக்கு'வில் எல்லோரும் நினைவு வைத்திருக்கும் இடம் ஒன்று உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வரும் சிறுமி, தன் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நிலக்காரரிடம் கொடுப்பதைப் பார்க்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. நாம் தொட்டால் தீட்டு என்பதால்தான் அவர் அப்படித் தூக்கினார் என்று விளக்குகிறார். சிறுமியின் சிரிப்பு போய்க் கோபம் வருகிறது.

இதைக் கவனியுங்கள். அவமானம் அந்தத் தெருவில் தலைமுறை தலைமுறையாக நடந்துகொண்டுதான் இருந்தது. அவள் கண்ணுக்கு அது வேடிக்கையாகத்தான் பட்டது. பக்கத்தில் இருந்த ஒருவர் அதற்குப் பெயர் வைத்துச் சொன்ன பிறகே அது எழுதக்கூடிய ஒன்றாக ஆனது. பாமாவுக்குப் படித்த அண்ணன் இருந்தார், வீட்டுக்குப் புத்தகம் வந்தது. தலித் விமர்சனத்தில் பெரும்பெயர் எடுத்த ராஜ் கௌதமன் அவருடைய அண்ணன்தான்.

அதற்குப் பிறகும் பாதை லேசாக இல்லை. கன்னியர் மடத்தில் ஏழு ஆண்டுகள் இருந்துவிட்டு, கையில் வேலை இல்லாமல் வெளியே வந்தார். அந்த நிலையில்தான் எழுதினார். தெருவில் பேசும் பேச்சிலேயே எழுதினார். 'இது என்ன தமிழ்?' என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அவர் சொந்த ஊர்க்காரர்களே முதலில் கோபப்பட்டார்கள், பல மாதம் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. பிறகு படித்த இளைஞர்கள்தான் அந்தப் புத்தகத்தைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்து கிராஸ்வேர்ட் விருது பெற்றது.

பாமாவின் துணிச்சலைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அந்தத் துணிச்சல் தனியாக நிற்கவில்லை. விளக்க ஓர் அண்ணன் இருந்தார், அச்சுப்போட மதுரையில் ஒரு சிறிய ஆய்வு மையம் இருந்தது, சோற்றுக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது, திட்டியவர்களுக்கு நடுவே எடுத்துப் படித்த இளைஞர்கள் இருந்தார்கள். மனஉறுதி என்று நாம் சொல்வதில் பாதி இதுதான்.

அயோத்திதாசருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 1907இல் சென்னையில் அவர் தொடங்கிய வாரப் பத்திரிகையின் பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. கூலிக்காரரும் வாங்கக்கூடிய விலையையே பெயராக வைத்தார். கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் அதன் வாசகர்கள், அதைத் தாங்கிப் பிடித்தவர்களும் அவர்களே. அடுத்தவர் பத்திரிகை தன் கட்டுரையைப் போடுமா என்று வாசலில் நிற்காமல், போடுவதற்கு ஒரு தாளையும் படிப்பதற்கு ஒரு கூட்டத்தையும் சேர்த்துக்கொண்டார்.

துணை இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு ரோஹித் வெமுலாவை மறக்க முடியாது. எழுத்தாளராக, அதிலும் அறிவியல் எழுத்தாளராக ஆசைப்பட்டவர். ஏழு மாத உதவித்தொகை அவர் கைக்கு வரவில்லை. விடுதியில் இருந்து வெளியேற்றப்பட்டார். 2016 ஜனவரி 17 அன்று அவரை இழந்தோம். அவருக்குத் தாங்கும் மனம் போதவில்லை என்று எவராவது சொன்னால் அதைவிட அநியாயமான பேச்சு இல்லை. போய்ச் சேராதது பணம். திறக்காதது கதவு. 'தாங்கிக்கொள்' என்ற அறிவுரை, கதவைச் சாத்தியவரைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறது.

ஆகவே எழுத நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது சில நடைமுறை விஷயங்கள்தான்.

தனியாக எழுதாதீர்கள். மூன்று பேர் போதும். ஞாயிற்றுக்கிழமை ஊர்ப்புற நூலகத்திலோ சமுதாயக் கூடத்திலோ உட்கார்ந்து ஒருவர் எழுதியதை மற்றவர் சத்தமாகப் படியுங்கள். எழுத்து திரும்பி வந்தாலும் அடுத்த வாரம் கேட்க இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பது சாதாரணத் தெம்பு இல்லை.

நேரம் இல்லை என்றால் பஸ்ஸிலோ மில் வேனிலோ போனில் பத்து வரி தட்டுங்கள், இல்லாவிட்டால் பேசிப் பதிவு செய்யுங்கள். நம் வீட்டுப் பேச்சிலேயே எழுதலாம் என்று பாமா காட்டியாகிவிட்டது.

ஆதிதிராவிடர், பழங்குடியின எழுத்தாளர்கள் நூல் வெளியிடத் தமிழக அரசு நிதியுதவி தருகிறது. விண்ணப்பியுங்கள். அது பிச்சை இல்லை, உரிமை. உதவித்தொகை தாமதமானாலும் அப்படித்தான்: மனதுக்குள் புழுங்காமல், சேர்ந்து போய் மனு கொடுங்கள்.

அப்புறம் ஒன்று. எழுத முடியாத மாதங்கள் வரும். அம்மாவுக்கு உடம்புக்கு ஆகாது, வட்டி கட்ட வேண்டும், பரீட்சை இருக்கும். அந்த மாதங்களில் நீங்கள் தோற்றுவிட்டதாக எண்ண வேண்டாம். நோட்டைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் கூட்டாளிகளில் யார் வரவில்லையோ, அவர் வீட்டுக்கு நீங்கள் போங்கள்.

ஜெய்பீம்.