குரோம் நீரைத் தனியே பிரித்து மீட்க வேண்டும்: தோல் ஆலைக் கழிவுநீர் குறித்த நிலைப்பாடு

பதனிடும் டிரம்மில் இடப்படும் குரோமியம் சல்பேட்டு முழுவதும் தோலில் ஏறுவதில்லை. வழக்கமான முறையில் ஏறத்தாழ 30 முதல் 40 சதவீதம் கரைசலிலேயே தங்கி, நீலப்பச்சை நீராக வெளியேறுகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரங்களில் இந்த நீரை மற்றக் கழிவுநீருடன் கலக்கும் முன்பே, ஆலைக்குள் தனியே வீழ்படிவாக்கிக் குரோமியத்தை மீட்க வேண்டும் என்பது இந்த அமைப்பின் நிலைப்பாடு.

இந்நீரில் இருப்பது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். காரம் சேர்த்து பி.எச். அளவை 8க்கும் 9க்கும் இடையில் கொண்டுவந்தால் அது ஹைட்ராக்சைடாகத் திரண்டு படியும். காரம் மிகுந்தால் படிந்தது மறுபடி கரையும். காஸ்டிக் சோடாவில் இந்தக் கைத்தவறு எளிதாக நேரும். சுண்ணாம்பு மலிவு. ஆனால் கரைசலில் உள்ள சல்பேட்டுடன் சேர்ந்து அது ஜிப்சமாகிக் கசட்டில் கலந்துவிடுவதால், அக்கசடு மறுபயனுக்கு உதவாமல் புதைகுழிக்கே போகிறது. மக்னீசியம் ஆக்சைடு நீரில் மிக அரிதாகவே கரையும். சற்றுக் கூடுதலாக விழுந்தாலும் பி.எச். எகிறாது. படிவும் இறுகி அடியில் அமரும். தெளிந்த நீரை வடித்துவிட்டுப் படிவைக் கந்தக அமிலத்தில் கரைத்தால், திரும்ப டிரம்முக்கே அனுப்பத்தக்க குரோம் கரைசல் கிடைக்கும். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலமாகப் பரிந்துரைத்துவரும் வழி இது.

மக்னீசியம் ஆக்சைடு விலை கூடியது, மெதுவாக வேலை செய்வது என்ற ஆட்சேபங்கள் நியாயமானவை. அவற்றைச் சொல்பவர்கள் மீட்கப்படும் குரோமியத்தின் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை, இதே தோல் ஆலைகள் தொடர்பான வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே உறுதிசெய்தது.

எல்லா நீரையும் ஒன்றாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பினால் குரோமியம் நீர்த்துப்போகிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற மொத்தக் குரோமிய வரம்பை எட்டுவதும் எளிதாகத் தோன்றும். உண்மையில், ஊறவைத்த நீரின் புரதமும் சுண்ணாம்புத் தொட்டியின் சல்பைடும் கலந்த கசடு முழுவதிலும் குரோமியம் பரவி, மீட்பு என்ற பேச்சுக்கே இடமின்றிப் போகிறது.

ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலிலிருந்து நிலத்தடி நீரில் இறங்குவது வேறு வகை. ஆறு இணைதிறன் கொண்ட அந்தக் குரோமியம் சுண்ணாம்புக்கு மசியாது. முதலில் பெரஸ் சல்பேட்டாலோ சோடியம் மெட்டாபைசல்பைட்டாலோ அதை ஒடுக்கி மூன்று இணைதிறனுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டாவது முறைக்கு பி.எச். 2 முதல் 3 வரையிலான அமிலநிலை தேவை. பெரஸ் சல்பேட்டு மலிவுதான், ஆனால் கசடு பெருகும்: சமன்பாட்டின்படியே 1 கிலோ குரோமியத்துக்குச் சுமார் 16 கிலோ படிக உப்பு செலவாகி, காய்ந்த கணக்கில் 8 கிலோ கசடு மிஞ்சும். ஆகவே கசடு போய்ச்சேரும் இடம் முடிவாகாத எந்தத் திட்டத்தையும் இந்த அமைப்பு ஆதரிக்காது. சுண்ணாம்பு கலந்த குரோமியக் கசட்டைக் காற்றுப்பட எரிப்பதை எதிர்க்கிறது; அடக்கிய குரோமியம் அந்த வெப்பத்தில் மறுபடி ஆறு இணைதிறன் நிலைக்கு ஏறிவிடும்.

வீழ்படிவு முறை எதுவும் கழிவுநீரில் கரைந்துள்ள உப்பை நீக்குவதில்லை; சேர்க்கும் அமிலமும் காரமும் அதைக் கூட்டவே செய்கின்றன. சவ்வு வழி வடிகட்டலும் ஆவியாக்கலும் இல்லாத நிலையத்தை ‘முழுச் சுத்திகரிப்பு’ என்று அறிவிப்புப் பலகையில் எழுதுவதைக் கைவிட வேண்டும்.