ஓதமும் ஓநாயும்

இங்கிலாந்தில் பழைய வீடு வாங்கப் போகிறவர், சர்வே அறிக்கை கைக்கு வந்ததும் செய்கிற முதல் வேலை சிவப்புக் கட்டங்களை எண்ணுவது. ஆர்.ஐ.சி.எஸ். முறைப்படி வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் 1, 2, 3 என்று எண் போடுகிறார்கள். 3 என்றால் கடுமையான குறை, அல்லது அவசரமான குறை, அல்லது மேற்கொண்டு ஆராய வேண்டியது. அந்தக் கடைசி 'அல்லது' யார் கண்ணிலும் படுவதில்லை! ஏழு சிவப்பென்றால் ஓட்டம், இரண்டென்றால் கொண்டாட்டம். பரீட்சை மார்க் பார்த்தே வளர்ந்த பழக்கம் போலும்.

சர்வேயர் மின்வயர்களைச் சோதிப்பதில்லை. சமீபத்திய சான்றிதழ் இல்லையென்றால் பெரும்பாலும் 3 போட்டுவிடுவார். கூரை உத்திரம் உளுத்துப் போயிருந்தாலும் அதே 3. இரண்டும் ஒன்றா?

இதைவிடப் பெரிய கூத்து சுவர் ஓதம். 1919க்கு முந்தைய வீடுகளில் பெரும்பாலும் நடுவில் இடைவெளி இல்லாத கனத்த செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து. அந்தச் சுவர் ஈரத்தை வாங்கும், பிறகு காற்றில் விட்டுவிடும். பின்னால் வந்தவர்கள் மேலே சிமெண்ட் பூசி அதன் மூச்சை அடைத்திருப்பார்கள். கூரையோரக் குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும். அல்லது வெளியே தரையை மேடாக்கியிருப்பார்கள். கையில் பிடிக்கிற ஈரமானி இதில் எதையும் சொல்லாது. பரவலாகப் புழங்கும் வகை, மரத்துக்கென்று அளவு வகுக்கப்பட்ட மின்தடைக் கருவி. பூச்சில் உப்பிருந்தால் காய்ந்த சுவரில்கூட முள் எகிறும்.

அதை நம்பி 3 போட்டு, "நிபுணரை அணுகவும்" என்று எழுதிக் கைகழுவுவது சில சர்வேயர்களின் வழக்கம். (பின்னால் வழக்கு வந்தால் என்ன செய்வது என்ற பயம், பாவம்.) அந்த நிபுணர் யார்? சுவரில் வரிசையாகத் துளை போட்டு ரசாயனம் ஏற்றிக் காசு பார்க்கிற கம்பெனி. சோதனை மட்டும் இலவசமாம்! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. 2022ல் ஹிஸ்டாரிக் இங்கிலாந்தும் ஆர்.ஐ.சி.எஸ்.ஸும், ஓதத் தொழில்காரர்களின் சங்கமான பி.சி.ஏ.வும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையே, முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்கிறது. ஒழுகும் குழாயை மாற்றுகிற செலவில் முடிய வேண்டியதற்கு ஆயிரக்கணக்கான பவுண்டு அழுவானேன்? அல்லது நல்ல வீட்டைத்தான் கைவிடுவானேன்?

ஒப்பந்தப் பத்திரங்கள் கைமாறும் வரை அங்கே விலை யாரையும் கட்டுப்படுத்தாது. அதற்குள் சர்வேயருக்கு ஒரு போன் போட்டு, "இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது? விரிசல் இன்னும் விரிகிறதா, நின்றுவிட்டதா? உங்கள் வீடாக இருந்தால் எதை முதலில் சரிசெய்வீர்கள்?" என்று கேட்கலாம். காசு வாங்கியவர், பதில் சொல்லட்டுமே.