பொருந்தாவிட்டால் பெட்டியில்தான் பிழை



ஜேர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நாலாம் வகுப்போடு பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பாடசாலைகளுக்குப் பிரித்துவிடுகிறார்கள். பத்து வயதில் எனக்குக் கிடைத்த பரிந்துரைக் கடிதத்தைப் பார்த்து அம்மா அழுதது இன்னும் நினைவிருக்கிறது. அன்று முதல் ‘வகைப்படுத்தல்’ என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. அதை நல்லவிதமாகவும் செய்யலாம் என்று காட்டியது பக்டீரியா ஆராய்ச்சி.

வைரஸ் தாக்கும்போது சில பக்டீரியாக்கள் அதன் டிஎன்ஏயில் ஒரு சின்னத் துண்டை எடுத்துத் தங்கள் டிஎன்ஏக்குள் சேமித்து வைக்கும். அதே வைரஸ் மறுபடி வந்தால், அந்தத் துண்டின் பிரதியை வைத்து அடையாளம் கண்டு வெட்டிவிடும். அந்த நினைவு அடுத்த தலைமுறைக்கும் போகும். இதுதான் கிரிஸ்பர். இதில் வரும் காஸ்9 புரதத்தை மரபணுக் கத்தரிக்கோலாக்கியதற்குத்தான் பேர்லினில் ஆய்வு செய்யும் எமானுவேல் சார்பொந்தியேயும் அமெரிக்காவின் ஜெனிஃபர் டௌட்னாவும் 2020இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள்.

ஆனால் கிரிஸ்பர் ஒன்றல்ல, பல. வைரஸ்களோடு ஓயாமல் போராடியதில் அதன் பாகங்கள் மாறி மாறிச் சேர்ந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு மரபணுகூட இல்லை. காஸ்9இன் மூதாதையே இடம்விட்டு இடம் தாவும் ஒரு மரபணுதான்!

அதனால் விஞ்ஞானிகள் ஒரே ஒரு அடையாளத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவதில்லை. எந்த மரபணுக்கள் இருக்கின்றன, எந்த ஒழுங்கில் இருக்கின்றன, எதற்கு எது உறவு என்று எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். பல புரதங்கள் கூட்டாக வேலை செய்தால் முதலாம் வகுப்பு, ஒரே பெரிய புரதம் செய்தால் இரண்டாம் வகுப்பு. அவற்றுக்குள் 2011இல் 3 வகைகள் இருந்தன. 2015இல் 5, 2020இல் 6, 2025இல் 7. ஒரு கிரிஸ்பர் பொருந்தவில்லை என்றால், பிழை பெட்டியில்தான் என்று எடுத்துக்கொண்டு பட்டியலைத் திருத்துகிறார்கள்.

“பிறகு பாடசாலை மாறலாம்தானே?” என்பார்கள். மாறலாம், நானும் மாறினேன். ஆனால் நிரூபிக்கும் சுமை முழுவதும் என் தலையில்தான் இருந்தது. பெட்டியை யாரும் கேள்வி கேட்கவில்லை.

பிரிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பத்து வயதில் ஒரே தடவையில் முடிக்காதீர்கள், திரும்பத் திரும்பப் பாருங்கள் என்கிறேன். உங்கள் வீட்டில் நாலாம் வகுப்புப் படிக்கும் தம்பியோ தங்கச்சியோ இருந்தால், கடிதம் வரும் நாளில் இதைச் சொல்லுங்கள்.